கையெழுத்து இன்னும் அப்பாவிடம்தான்: குடும்பத் தொழில் குறித்த வாசகர் கேள்வி-பதில்

தொழிலை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இந்த இதழில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் குடும்பங்கள் கருதிப் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். பல ஆண்டுகளாகச் சிறு, நடுத்தரக் குடும்ப நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்துவரும் எங்கள் ஆடிட்டர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 41 வயது. பொறியியல் படித்துவிட்டு 17 ஆண்டுகளாக அப்பாவின் பம்ப்செட் தொழிற்சாலையில் இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்னை இயக்குநராக்கினார். ஆனால் வங்கியில் கையெழுத்து அவருடையது, கச்சா இரும்புக்கு விலை பேசுவதும் அவர்தான். நான் சொல்லும் வேலையை ஃபோர்மேன் அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் செய்கிறார். அப்பாவுக்கு 73 வயது. அவர் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது? (கோவை)

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுவை நெல் களத்தில் குவிந்து கிடந்த நேரத்தில் எலிவேட்டர் மோட்டார் எரிந்துபோய் ஆலை நின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் செலவுத் தாளுடன் வந்தார். நிர்வாகப் பங்குதாரரான மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இன்றைக்கே காயில் கட்டிவிடுங்கள்" என்றார். வந்தவர் நகரவில்லை. உள் அறையில் சாய்வு நாற்காலியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தபடியே நின்றார். பெரியவர் நாளிதழை விலக்காமலேயே தலையை அசைத்த பிறகுதான் அவர் படி இறங்கினார். மகன் திறந்து வைத்திருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அங்கே யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனாலும் அந்த ஆலையின் முதலாளி யார் என்பது அந்த அரை நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, மகன் உட்பட.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பேனாதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்குப் பதவி வந்திருக்கிறது, அதிகாரம் வரவில்லை. இதற்கு அப்பாவின் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். தொழிலுக்கு வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். குடியிருக்கும் வீட்டின் பத்திரமும் வங்கியில் இருக்கக்கூடும். நிறுவனம் தடுமாறினால் தன் வீடு போய்விடும் என்ற அச்சம் உள்ள மனிதரிடம் "எனக்குச் சுதந்திரம் கொடுங்கள்" என்று பேசினால், அது அவர் காதில் "உங்கள் வீட்டை வைத்து நான் விளையாடுகிறேன்" என்று விழும். ஆகவே பேச்சை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். கேஷ் கிரெடிட் கணக்கை, அதாவது அன்றாட நடைமுறைச் செலவுக்கான வங்கிக் கடனை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, உங்கள் ஜாமீனையும் உங்கள் பெயரில் உள்ள சொத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி நீங்களே வங்கியிடம் கேளுங்கள். சுமையில் பாதியைத் தோளில் வாங்கியவர் முடிவில் பங்கு கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்குத் தனி எடை உண்டு.

அடுத்து, பொதுவாகப் பொறுப்பு கேட்காமல் முழுமையான ஒரு துறையைக் கேளுங்கள். கொள்முதல் என்றால் கொள்முதல் முழுவதும் உங்களுடையதாக இருக்கட்டும்: இன்ன தொகை வரையிலான எந்தக் காசோலைக்கும் உங்கள் கையெழுத்து மட்டும் போதும், அதற்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று இயக்குநர் குழுத் தீர்மானமாகவே எழுதி வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட ஒரு தேதியில் அந்தத் துறையின் கணக்கை அப்பாவிடம் நீங்களே எடுத்துப் போய்க் காட்டுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வரம்புக்குள் நீங்கள் எடுக்கும் முடிவு தவறாகவே இருந்தாலும், தொழிலாளர் முன்னிலையில் அதை அவர் மாற்றக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் அரைக்கால்சட்டை அணிந்து பட்டறைக்கு வந்த நாளிலிருந்து உங்களைப் பார்த்துவரும் ஃபோர்மேனிடம் "இனி இதைத் தம்பியிடம் கேளுங்கள்" என்று அப்பா தம் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அவர் ஒரு முறை சொல்வதற்கு ஈடாகாது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். 73 வயதில் காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். வெளியூர் டீலர்களை நேரில் பார்ப்பது, பழைய வாடிக்கையாளர் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வருவது, வார்ப்படத்தின் தரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்வது என அவரால் மட்டுமே முடிகிற வேலைகள் ஏராளம். போக இடமில்லாத தந்தை பழைய நாற்காலிக்கே திரும்பி வருவார்.

கேள்வி: வயது 70. விசைத்தறியில் தொடங்கி இப்போது வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறேன். நிறுவனம் என் ஒருவன் பெயரில் உள்ள தனியுரிமை நிறுவனம். மூத்த மகன் 15 ஆண்டுகளாக என்னோடு உழைக்கிறான். இளையவன் பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கிறான். மகளுக்கு 2001இல் திருமணம் ஆகிவிட்டது. மூவருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் என் மனைவி. மூத்தவனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதாதா? (கரூர்)

போதாது. பவர் பத்திரம் உங்கள் கடைசி மூச்சோடு செல்லாததாகிவிடும். தனியுரிமை நிறுவனம் என்பது சட்டத்தின் பார்வையில் நீங்களேதான். நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, உங்கள் பான் எண்ணையே அடிப்படையாகக் கொண்ட ஏற்றுமதி உரிம எண் ஆகிய அனைத்தும் உங்களோடு நின்றுபோகும். தறியில் துணி ஓடிக்கொண்டிருக்கும், கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வாங்கக் கணக்கு இருக்காது. மகன் புதிய பதிவு பெற்று, உங்கள் பெயரில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலின்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்கான வரவை) அதற்குரிய படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஆனால் அதற்குள் பருவத்துக்கான ஆர்டர் கைமாறிப் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, நிறுவனத்தை உங்கள் உயிரிலிருந்து பிரிப்பது. தனியுரிமை நிறுவனத்தை பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாற்றும்போது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூலதன ஆதாய வரி இல்லை. அவற்றுள் முக்கியமானது, பழைய உரிமையாளர் 50 சதவீதத்துக்குக் குறையாத வாக்குரிமையை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது. உங்கள் வயதைக் கருதிப் பாருங்கள். இன்று மாற்றினால் 75 வயதில்தான் உங்கள் கை முழுவதுமாக விடுபடும். "அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஐந்துடன் கூடிக்கொண்டே போகிறது.

இனி, சமப் பங்கு பற்றி. உங்கள் மனைவி சொல்வது நியாயம், உங்கள் தயக்கமும் நியாயம். இருவரும் பேசுவது வெவ்வேறு பொருளைப் பற்றி. சொத்தின் மதிப்பில் மூவருக்கும் சமமாகக் கொடுக்கலாம். ஆனால் ஓடும் தொழிலின் வாக்குரிமையை மூன்றாகப் பிரித்தால், பதினைந்து ஆண்டு உழைத்தவர் புதிய தறி வாங்க, அந்தத் தொழிலைத் தெரியாத இருவரின் சம்மதத்துக்குக் காத்திருக்க நேரும். அவர்களோ லாபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புவார்கள், அதுவும் இயல்புதான். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தில் பல தலைமுறைகளாக ஒவ்வொரு கிளைக் குடும்பமும் வெவ்வேறு நிறுவனங்களை நடத்திவந்தாலும், உரிமை பொதுவில் பின்னிக் கிடந்தது. எந்த நிறுவனத்தை எந்தக் கிளை நடத்துகிறதோ அதன் உரிமையும் அந்தக் கிளைக்கே என்று 2020இல் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நடத்துபவரிடமே உரிமை என்ற அந்தக் கோட்பாட்டை உங்கள் அளவிலும் கடைப்பிடிக்க முடியும். தொழிலின் வாக்குரிமைப் பங்குகள் மூத்தவருக்குப் போகட்டும். நிலம், வைப்புத்தொகை, வாடகைக் கட்டடம் ஆகியவை மற்ற இருவருக்கும் போகட்டும். மதிப்பில் குறைந்தால், வாக்குரிமை இல்லாமல் ஆண்டுதோறும் ஈவுத்தொகை மட்டும் தரும் முன்னுரிமைப் பங்குகளை ஈடாகக் கொடுக்கலாம். கிடங்கு மகளுக்கும் அதிலுள்ள தறிகள் மகனுக்கும் என்று அமைந்துவிட்டால், நீங்கள் இருக்கும்போதே நீண்ட கால வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். நான் பார்த்த அண்ணன்-தங்கை மனக்கசப்புகளில் பல, கிடங்கு வாடகையில் தொடங்கியவை.

கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒரு பத்தி உண்டு. பதினைந்து ஆண்டுகளாக மூத்த மகனுக்கு முறையான சம்பளம் கொடுத்தீர்களா, அல்லது வீட்டுச் செலவுக்கென்று எடுத்துக்கொண்டாரா? அந்த உழைப்பின் மதிப்பை முதலில் அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அதன் பிறகு சமப் பங்கு பேசுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கும் எழுதலாம். எழுதாமல் விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும், உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும், சமமாகப் போகும். பூர்வீகச் சொத்து இருந்தால் அதில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு. தமிழகத்தில் 25-3-1989க்கு முன் மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. 9-9-2005 முதல் நாடு முழுவதும் மணமான மகளுக்கும் வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆகவே "சீர் செய்துவிட்டோம்" என்பது கணக்குத் தீர்வு ஆகாது. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்கள் உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் மறைந்தார். மகன்கள் இருவரின் பிணக்கு நாடறிய நீண்டு, 2005இல் தாயார் முன்னின்று தொழிலைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் எழுதி முடித்ததும் மூன்று பிள்ளைகளையும் ஒரே நாளில் உட்காரவைத்து நீங்களே படித்துக் காட்டுங்கள். காரணத்தை உங்கள் குரலில் கேட்டவர்கள், மனம் ஒப்பாவிட்டாலும் உங்கள் எண்ணத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் கணவரும் அவர் தம்பியும் இருவர் மட்டுமே பங்குதாரர்களாக ஆஃப்செட் அச்சகம் நடத்தினர். கணவர் ஒன்றரை ஆண்டுக்கு முன் காலமானார். கொழுந்தனார் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்துகிறார்; மாதம் ஒரு தொகை தருகிறார்; கணக்குக் கேட்டால் "அண்ணி, நம்பிக்கை இல்லையா" என்கிறார். இருவரும் வைத்திருந்த ஒரு சிறு கம்பெனியின் பங்குகளுக்கும் அவரே நாமினி. எனக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். (சிவகாசி)

அம்மா, கணக்குக் கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. அது உங்கள் பிள்ளைகளுக்காக நீங்கள் செய்தே ஆக வேண்டிய கடமை.

இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், மீதி ஒருவரை வைத்துக் கூட்டாண்மை இருக்க முடியாது. நிறுவனம் அன்றே கலைந்துவிட்டது. கலைந்த நாளில் உள்ள இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றோடு அச்சகத்தின் நற்பெயருக்கான மதிப்பும் கணக்கில் சேர வேண்டும் என்று 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. கணக்குத் தீர்க்காமல் அந்தச் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்பவர், அந்தப் பங்கைப் பயன்படுத்தி ஈட்டிய லாபத்தையோ, பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, வாரிசுகள் விரும்புவது எதுவோ அதைத் தர வேண்டும். கணக்குக் கேட்டு வழக்கிடக் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். ஒன்றரை ஆண்டு போய்விட்டது. ஒரு வழக்கறிஞர் மூலம் மரியாதையான கடிதம் ஒன்றையாவது இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

நாமினி என்பவர் பணத்தையோ பங்கையோ வாங்கி வைப்பவர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார். கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. கணவரின் பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் உரியது. அச்சகக் கடனுக்கு உங்கள் வீடு அடமானமாக இருந்தால், அதை விடுவித்துத் தருவதையும் தீர்வின் ஒரு பகுதியாக எழுதி வாங்குங்கள். இதை மறந்துவிட்டுத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் பின்னால் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கொழுந்தனார் கெட்ட எண்ணத்தோடு நடக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரு நாள் உட்கார்ந்து, "நம்மில் ஒருவர் போனால் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், இன்று அவரும் இந்தச் சங்கடத்தில் நின்றிருக்க மாட்டார். கூட்டாக அச்சகமோ பட்டறையோ நடத்தும் சகோதரர்கள் யாரேனும் இதைப் படித்தால், அந்த ஒரு பக்கத்தை இந்த வாரம் எழுதிவிடுமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்யும் மண்டி எங்களுடையது. நாங்கள் இரண்டு பெண்கள். நான் வணிக மேலாண்மை படித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக அப்பாவுக்கு உதவுகிறேன். "மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வார்" என்றே உறவினர்கள் பேசுகிறார்கள். அப்பா மௌனமாக இருக்கிறார். (விருதுநகர்)

உங்கள் அப்பாவின் மௌனம்தான் எனக்குக் கவலை தருகிறது. சட்டம் உங்களுக்குப் பங்கைக் கொடுத்துவிடும், நாற்காலியைக் கொடுக்காது. முருகப்பா குழுமத்தின் தலைவராக இருந்த எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். அவருக்கு மகன் இல்லை, மகள்கள் மட்டுமே. அவருடைய மூத்த மகள் வள்ளி அருணாசலம், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். பங்குகள் அந்தக் கிளைக்கு இருந்தன. ஆனால் 2020இல் நடந்த வாக்கெடுப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நீண்ட பிணக்கிற்குப் பின் 2023இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது. அணுசக்தித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவருக்கே அதுதான் நிலை.

எனவே உங்கள் அப்பா இருக்கும்போதே, அவர் வாயாலேயே, "மண்டியை இவள் நடத்துவாள்" என்பது சொல்லப்பட்டாக வேண்டும். வீட்டில் மட்டும் சொன்னால் போதாது; சரக்கு அனுப்பும் ஊர்களின் கமிஷன் வியாபாரிகளிடமும், தரகர்களிடமும், வங்கி மேலாளரிடமும், எடைபோடும் மூத்த ஊழியரிடமும் சொல்ல வேண்டும். காலைச் சந்தையில் மாதிரிப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்வது நீங்களாக இருக்கட்டும், பக்கத்தில் அவர் பேசாமல் நிற்கட்டும். ஒரு பருவம் அப்படி நின்றால் போதும், சந்தை பழகிவிடும். நாளை கணவர் தொழிலுக்கு வர விரும்பினால் தடையில்லை. அவருக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்பதை எழுதிக்கொண்டு வரட்டும். தங்கைக்கு உரிய பங்கையும் இப்போதே பேசி முடியுங்கள். தங்கையின் ஆதரவு உங்களுக்கு மற்ற எல்லா உறவினரின் சம்மதத்தையும்விடப் பெரிது.

கேள்வி: 68 வயது. பித்தளைப் பாத்திரக் கடை. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் குடியேறிவிட்டனர், திரும்ப மாட்டார்கள். 22 ஆண்டுகளாக என்னோடு இருக்கும் ஊழியர் ஒருவர் கடையை நன்றாக நடத்துவார். வெளியாளிடம் கொடுக்க மனம் வரவில்லை. (கும்பகோணம்)

வெளியாளிடம் தொழிலை ஒப்படைப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளில், முதலாளி செட்டிநாட்டில் இருக்க, கடையை நடத்தியவர்கள் சம்பளத்துக்குச் சென்ற மேலாட்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின்பு மேலாளாகி, மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு லாபத்தில் தமக்குரியதைப் பெற்று ஊர் திரும்பினார். முதலாளியின் மகனும் பெரும்பாலும் அதே படியில்தான் தொழில் கற்றான். நம் காலத்தில் டாபர் நிறுவனத்தின் பர்மன் குடும்பம், உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அன்றாட நிர்வாகத்தை 1998இல் வெளியாட்களிடம் ஒப்படைத்தது.

22 ஆண்டுகள் உடனிருந்தவரை வெளியாள் என்று அழைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கை முதலில் எழுதிக் கொடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த லாபத்திலிருந்தே தவணையாகக் கடையை அவர் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்துக்குப் பிள்ளைகளின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்தொகையைப் படித்துக் காட்டுங்கள். இத்தனை ஆண்டுகளாக விற்றுக்கொடுத்தவருக்குக் கடையின் லாபம் எவ்வளவு என்பது அன்றுதான் முதன்முதலாகத் தெரியவரும்.